ஆங்கிலத்தில் பி.எச்.டி. சேரலாமா? வீட்டார் கூடிப் பேச வேண்டிய கணக்கு



எம்.ஏ. தேர்வு முடிவு வரும் வாரங்களில் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "எம்.ஏ. இங்கிலீஷ் முடிச்சாச்சு. அடுத்து பி.எச்.டி. சேரலாமா?" சில நேரம் பிள்ளையே வந்து கேட்கும். சில நேரம் லாரி பட்டறையிலிருந்து வேலை உடுப்போடு அத்தா வந்து கேட்பார். சில நேரம் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா போனில் கேட்பார்.

கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் மூவரும் அறிய விரும்புவது மூன்று விஷயங்களை. பிள்ளைக்கு, "எனக்கு இன்னும் படிக்க ஆசை, என்னால் முடியுமா?" என்று தெரிய வேண்டும். அத்தாவுக்கு, "இதைப் படித்தால் வேலை உண்டா?" என்று தெரிய வேண்டும். அம்மாவுக்கு, "எத்தனை வருடம் ஆகும், நிக்காஹ் என்னாவது?" என்று தெரிய வேண்டும். மூன்றும் நியாயமான கேள்விகளே. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பேசாமல் சேர்ந்துவிட்டு நடுவில் நிறுத்திய பிள்ளைகளும் உண்டு; பேசாமலே தடுக்கப்பட்டு, வருடங்கள் கழித்தும் அந்த வருத்தம் தீராத பிள்ளைகளும் உண்டு. ஆகவே இந்த இதழின் கல்விப் பகுதியில் இதையே பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பி.எச்.டி. என்பது ஒரு கேள்வியை ஐந்தாறு வருடம் விடாமல் பிடித்துக்கொள்ளும் வேலை. அப்படி ஒரு கேள்வி பிள்ளையிடம் இருக்க வேண்டும். அந்த வருடங்களில் சாப்பாட்டுக்கும் பஸ் செலவுக்கும் வழி இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் துணிந்து சேரட்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் முதலில் நெட் தேர்வு எழுதட்டும். வேலைக்காக மட்டும் என்றால் அதைவிடக் குறுகிய வழிகள் இருக்கின்றன.

எம்.ஏ.வுக்கு அடுத்த வகுப்பா இது?

பலர் நினைப்பது போல் பி.ஏ.வுக்கு அடுத்தது எம்.ஏ., எம்.ஏ.வுக்கு அடுத்தது பி.எச்.டி. என்று படிக்கட்டு ஏறும் காரியம் இல்லை இது. எம்.ஏ. வரை பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுக்கிறது, நாம் படித்து எழுதுகிறோம். பி.எச்.டி.யில் பாடத்தையே மாணவர்தான் உண்டாக்க வேண்டும். இதுவரை யாரும் சரியாகக் கேட்காத ஒன்றைக் கேட்டு, நூல்களைத் தேடிப் படித்து, தன் முடிவை ஒரு முழுப் புத்தக அளவில் ஆங்கிலத்தில் எழுதி, அதை வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன் வாய்மொழித் தேர்வில் நிலைநாட்ட வேண்டும்.

தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு இது தானாக வந்துவிடும் என்று சொல்ல முடியாது. மணிக்கணக்காகத் தனியாக உட்கார்ந்து படிப்பதும், எழுதியதை வழிகாட்டி திருப்பிக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் மீண்டும் எழுதுவதும் பழக்கமான பிள்ளைக்கே இது ஒத்துவரும். மதரஸாவில் ஒரு கிதாபை வரிவரியாக ஓதிக்கொடுத்த உஸ்தாதைக் கண்டவர்களுக்கு இது புரியும். அந்தப் பொறுமைதான் இங்கேயும் மூலதனம்.

விதிகள் என்ன சொல்கின்றன?

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., 2022 நவம்பரில் பி.எச்.டி.க்கான புதிய விதிமுறைகளை வெளியிட்டது. முன்பிருந்த எம்.ஃபில். படிப்பு அதோடு முடிந்துவிட்டது. எனவே "முதலில் எம்.ஃபில். சேரட்டும், பிறகு பார்ப்போம்" என்ற பழைய யோசனை இனி உதவாது.

எம்.ஏ.வில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். இதர பிற்படுத்தப்பட்டோரில் வசதியான பிரிவில் வராதவர்களுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. படிப்புக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. அதற்கு மேல் 2 ஆண்டு நீட்டிப்புக் கேட்கலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 2 ஆண்டு சலுகை உண்டு. ஆக அவர்களுக்கு மொத்தம் 10 ஆண்டு வரை இடம் இருக்கிறது. இதை வீட்டில் இரு பக்கமும் கவனிக்க வேண்டும். "மூன்றே வருடத்தில் முடித்துவிடுவேன்" என்று பிள்ளை சொன்னால், அது விதியில் உள்ள கீழ் எல்லை என்பதை நினைவூட்டுங்கள். பகுதி நேரமாகப் படிக்கவும் அனுமதி உண்டு. வேலையில் இருப்பவர் நிர்வாகத்திடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். தொலைநிலைக் கல்வியிலோ ஆன்லைனிலோ பி.எச்.டி. தர அனுமதி இல்லை. "வீட்டில் இருந்தபடியே ஒரே வருடத்தில் டாக்டர் பட்டம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சேர்க்கைக்குப் பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வு ஒரு வழி. நெட் தேர்வு மற்றொரு வழி. 2024 ஜூன் முதல் நெட் தேர்வின் முடிவு மூன்று நிலைகளாக வருகிறது. முதல் நிலையில் உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப்., உதவிப் பேராசிரியர் தகுதி, பி.எச்.டி. சேர்க்கைத் தகுதி மூன்றும் கிடைக்கும். இரண்டாம் நிலையில் உதவிப் பேராசிரியர் தகுதியும் சேர்க்கைத் தகுதியும் கிடைக்கும். மூன்றாம் நிலையில் சேர்க்கைத் தகுதி மட்டும். பின் இரண்டு நிலைகளிலும் அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும்.

வேலைக்கு இது தேவையா?

இப்போது அத்தாக்களின் கேள்விக்கு வருவோம். பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக பி.எச்.டி. கட்டாயம் என்று 2018இல் யு.ஜி.சி. விதி வந்தது. 2021 ஜூலை முதல் அமல் என்றார்கள், பிறகு 2023 ஜூலைக்குத் தள்ளினார்கள், கடைசியில் விதியையே மாற்றிவிட்டார்கள். இப்போது உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி. பி.எச்.டி. இருந்தால் கூடுதல் பலம். ஆனால் அது கட்டாயம் இல்லை. இணைப் பேராசிரியராக உயர வேண்டும் என்றால்தான் பி.எச்.டி. இல்லாமல் முடியாது.

அந்த உதவிப் பேராசிரியர் பணி நல்ல பணி என்பதில் சந்தேகம் இல்லை. ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். ஆனால் அந்த நாற்காலிக்கான வரிசை நீளமானது. தமிழ்நாடு ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் அரசு கலைக் கல்லூரிகளுக்கு 4,000 இடங்களை அறிவித்தது. தேர்வு தள்ளிப்போய், 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்குப் புதிதாக அறிவிப்பு வந்தது. இவை எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்த எண்ணிக்கை. ஆங்கிலம் எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் பட்டப்படிப்பிலும் இருக்கும் பாடம் என்பதால் இடம் அதிகம், போட்டியும் அதிகம்.

நிரந்தரப் பணி வரும்வரை பலர் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறார்கள். அதற்குத் தமிழக அரசு தரும் தொகுப்பூதியம் மாதம் 25,000 ரூபாய். அதுவும் ஆண்டில் 11 மாதத்துக்கு. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019இல் சொல்லியும் நிலைமை இதுதான். டாக்டர் பட்டம் பெற்று, பிள்ளைகளோடு இந்தச் சம்பளத்தில் காலம் தள்ளுபவர்கள் நம் சேலம், நாமக்கல் பகுதியிலும் இருக்கிறார்கள். தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் சம்பளம் நிர்வாகத்துக்கு நிர்வாகம் மாறும்.

பள்ளி ஆசிரியர் வேலைதான் நோக்கம் என்றால் பி.எச்.டி. தேவையே இல்லை. எம்.ஏ.வோடு பி.எட். முடித்து, ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வில் வென்றால் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர். அதன் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,900 ரூபாய். நாமக்கல் மாவட்டமே பள்ளிக்கூடங்களுக்குப் பெயர் போனது. ஆங்கிலம் நன்றாகச் சொல்லித்தரும் ஆசிரியருக்கு இங்கே எப்போதும் தேவை இருக்கிறது. வேலையே குறி என்றால் இரண்டு வருட பி.எட். நேரான பாதை. கல்லூரி வேலைதான் வேண்டும் என்றால் நெட் அல்லது செட் நேரான பாதை. இந்த இரண்டையும் விட்டுவிட்டு பி.எச்.டி.யை வேலைக்கான டிக்கெட் என்று எண்ணிச் சேர்வதுதான் பல வீடுகளில் வருத்தத்தில் முடிகிறது.

பணம் எங்கிருந்து வரும்?

நமது சமுதாயத்தில் பெரியவர்கள் பலர், "சிறுபான்மையினருக்கு மத்திய அரசு உதவித்தொகை இருக்கிறதே, மௌலானா ஆசாத் பெயரில்" என்று இன்றும் சொல்வதைக் கேட்கிறோம். சச்சார் குழு அறிக்கை 2006இல் வந்தபின், 2009இல் தொடங்கிய மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை அது. நெடுநாள் நம் பிள்ளைகள் பலருக்குக் கைகொடுத்தது. ஆனால் 2022-23 முதல் புதிதாக யாருக்கும் தருவதில்லை என்று ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவித்துவிட்டது. மற்றத் திட்டங்களோடு இது ஒன்றின்மேல் ஒன்றாக விழுகிறது என்பது அரசு சொன்ன காரணம். அந்தக் காரணத்தை ஏற்காதவர்கள் பலர். நாமும் அதில் சேர்ந்தவர்களே. ஆனாலும் வீட்டுக் கணக்கில் இல்லாத பணத்தை எழுதக் கூடாது.

மீதி இருக்கும் வழிகளைச் சொல்கிறோம். முதலாவது ஜே.ஆர்.எஃப். 2023 ஜனவரி முதல் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. மொத்தம் ஐந்து ஆண்டு வரை. வயது வரம்பு 30. பெண்களுக்கும் இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. இரண்டாவது, ஜே.ஆர்.எஃப். கிடைக்காமல் நெட் தகுதி மட்டும் பெற்ற இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகை. மூன்றாவது, வீட்டில் ஒரே பெண் பிள்ளை என்றால் யு.ஜி.சி. தரும் சாவித்திரிபாய் ஜோதிராவ் பூலே உதவித்தொகை. நான்காவது, தமிழக அரசு தேர்வு வைத்துத் தரும் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை. முதல் இரண்டும் நெட் தேர்வில்தான் தொடங்குகின்றன என்பதைக் கவனியுங்கள். பகுதி நேரமாகப் படிப்பவருக்கு ஜே.ஆர்.எஃப். கிடையாது.

இதனால்தான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்ப, "சேர்வதற்கு முன் நெட் எழுது" என்கிறோம். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எழுதியவர்களில் முன்னணியில் வரும் 6 சதவீதம் பேருக்கே உதவிப் பேராசிரியர் தகுதி கிடைக்கிறது. ஒரு வருடம் இதற்கென ஒதுக்கினாலும் அது வீண் போகாது. வென்றால் உதவித்தொகையோ வேலைத் தகுதியோ கையில் இருக்கும். வெல்லாவிட்டாலும் ஆங்கில இலக்கியம் முழுவதையும் ஒருமுறை சுற்றி வந்த படிப்பு மிஞ்சும். எந்தக் காலம், எந்த நாடு, எந்த எழுத்து தன்னை இழுக்கிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

சான்றிதழ் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மாநிலப் பட்டியலில் லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி, துதேகுலா, அன்சார், மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய பிரிவினர் வருகிறார்கள். ஆனால் ஒன்றிய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் வேறு. மாநிலச் சான்றை வைத்து நெட் விண்ணப்பத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிட முடியாது. உங்கள் பிரிவு ஒன்றியப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, அதற்கான சான்றைத் தாலுகா அலுவலகத்தில் தனியாக வாங்க வேண்டும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில் ஓடாமல் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன தலைப்பில் ஆய்வு செய்வது?

"ஆங்கில இலக்கியம் என்றால் ஷேக்ஸ்பியர்தானே, நம் பிள்ளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. ஜெருசலேமில் 1935இல் பிறந்த பாலஸ்தீனரான எட்வர்ட் சையித் ஆங்கில இலக்கியத்தில்தான் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆங்கில நாவலாசிரியர் ஜோசஃப் கான்ராடைப் பற்றியது அவருடைய ஆய்வு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடத்தையே நடத்தினார். அப்படிப் படித்த படிப்பைக் கொண்டுதான், மேற்கத்திய எழுத்துகள் அரபுகளையும் முஸ்லிம்களையும் எப்படிச் சித்திரித்து வந்திருக்கின்றன என்று ஆராய்ந்து 1978இல் 'ஓரியண்டலிசம்' நூலை எழுதினார். உலகெங்கும் ஆங்கிலத் துறைகளில் இன்று அது பாடம். நம்மைப் பற்றி மற்றவர் எழுதியதைச் சரிபார்க்க, அவர்களுடைய எழுத்தை அவர்களைவிட நன்றாகப் படித்த ஒருவர் வேண்டியிருந்தது.

காஷ்மீரில் வளர்ந்த கவிஞர் ஆகா ஷாஹித் அலி 1984இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் பி.எச்.டி. பெற்றவர். உருது கஜலின் இலக்கணத்தை ஆங்கிலக் கவிஞர்களுக்கு முறையாகக் கற்றுக்கொடுத்தார் அவர். வீட்டில் கேட்ட உருது அவருக்கு ஆங்கிலத்தில் தடையாக இல்லை, துணையாகவே இருந்தது. வீட்டில் உருது பேசுகிற, மக்தபில் அரபு ஓதிய, தெருவில் கொங்குத் தமிழ் பேசுகிற நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. மூன்று நான்கு மொழி தெரிந்த மாணவர் ஆங்கிலத் துறையில் பின்தங்கியவர் என்று எண்ண வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பு ஆய்வு, ஒப்பிலக்கியம் ஆகிய துறைகளில் அதுவே அவருடைய கைமுதல்.

1572இல் வண்ணப் பரிமளப் புலவர் பாடிய 'ஆயிர மசலா' நமக்குக் கிடைத்துள்ள பழைய தமிழ் இஸ்லாமிய நூல்களில் முதன்மையானது. அந்தக் கதை தமிழ், மலாய், ஜாவானிய மொழிகளில் எப்படி எப்படிச் சென்றது என்று ஒப்பிட்டு, ரோனிட் ரிச்சி என்ற ஆய்வாளர் 2011இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலே எழுதினார். வெளியூரிலிருந்து வந்து தமிழ் கற்று ஒருவர் செய்த வேலை அது. தோப்பில் முஹம்மது மீரானின் நாவலும், சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யும் ஆங்கிலத்தில் வந்திருக்கின்றன. அவற்றில் வரும் வீட்டுப் பேச்சும் சடங்குச் சொல்லும் ஆங்கிலத்தில் என்ன ஆகின்றன என்று கேட்க, அந்தச் சொற்களோடு வளர்ந்த பிள்ளையைவிடப் பொருத்தமானவர் யார்?

இன்னும் பக்கத்தில் பார்ப்போம். நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் பல ஆண்டுகள் தமிழ்ப் பேராசிரியராக இருந்த பெருமாள்முருகனின் நாவல்கள் திருச்செங்கோட்டு மேட்டுக்காட்டு வாழ்க்கையைச் சொல்பவை. 'பூக்குழி'யின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. 'ஆளண்டாப் பட்சி'யின் மொழிபெயர்ப்பு அதே ஆண்டு ஜே.சி.பி. பரிசு பெற்றது. நாம் தினமும் பார்க்கும் நிலம் இன்று உலகம் ஆங்கிலத்தில் படிக்கும் இலக்கியம் ஆகிவிட்டது. அதைப் பற்றி ஆய்வு செய்ய லண்டன் போக வேண்டியதில்லை.

இதனால் எல்லோரும் ஊர்க்கதையையோ இஸ்லாமியத் தலைப்பையோதான் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஷேக்ஸ்பியரில் உண்மையான ஆர்வம் இருந்தால் ஷேக்ஸ்பியரையே எடுக்கட்டும். தலைப்பு யாரோ கையில் கொடுத்ததாக இல்லாமல், பிள்ளையின் சொந்தக் கேள்வியாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் 'சோத்கங்கா' என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தனக்குப் பிடித்த தலைப்புக்கு நெருக்கமான மூன்று ஆய்வேடுகளைப் பிள்ளை முழுதாகப் படிக்கட்டும். படித்தபின், "இதில் இவர் கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது" என்று சொல்லத் தோன்றினால் அது நல்ல அறிகுறி. முதல் ஆய்வேட்டிலேயே அலுத்துப்போனால் அதுவும் ஒரு பதில்தான்; ஐந்து வருடம் கழித்துத் தெரிவதைவிட ஒரு மாதத்தில் தெரிவது நல்லது.

வழிகாட்டியும் கல்லூரியும்

நமக்கு அருகில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1997இல் தொடங்கிய அதன் கீழ்தான் நம் மாவட்டக் கல்லூரிகள் வருகின்றன. திருச்சியில் 1951இல் நம் சமுதாயப் பெரியவர்கள் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரியில் ஆங்கில ஆய்வுத் துறை உண்டு. ஹைதராபாத்தில் ஆங்கிலத்துக்கும் அயல்மொழிகளுக்கும் என்றே மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. அங்கே அரபுத் துறையும் உண்டு. பக்கத்தில் இருப்பது நல்லதுதான். ஆனால் பஸ் தூரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வழிகாட்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் வழிகாட்டலாம். ஓய்வு பெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக மாணவரைச் சேர்க்க முடியாது. சேரும் முன் மூன்று விஷயங்களை விசாரியுங்கள். அவரிடம் காலியிடம் உள்ளதா? அவரிடம் படித்தவர்கள் சராசரியாக எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? எழுதிக் கொடுத்ததை அவர் படித்துத் திருத்தித் தருகிறாரா? மூன்றாவதை அவரிடம் படித்த மாணவர்களிடம்தான் கேட்க வேண்டும். கட்டணத்தையும் சேர்க்கைக் கட்டணத்தோடு நிறுத்தாமல், ஆண்டுக் கட்டணம், ஆய்வேடு சமர்ப்பிக்கும் கட்டணம், அச்சு, பைண்டிங் வரை முழுதாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மகளுக்கு என்றால்

நம்மிடம் இந்தக் கேள்வியோடு வருபவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். அவர்கள் விஷயத்தில் பெரும்பாலும் படிப்பு ஒரு பக்கம், நிக்காஹ் ஒரு பக்கம் என்று வைத்து, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறோம். விதிமுறை அப்படிச் சொல்லவில்லை. பெண் ஆய்வாளருக்கு மகப்பேறுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் சேர்த்து 240 நாள் வரை விடுப்பு உண்டு. திருமணமாகி வேறு ஊர் போனால், அங்குள்ள கல்வி நிறுவனத்துக்கு ஆய்வை மாற்றிக்கொள்ளவும் 2022 விதிமுறையில் வழி இருக்கிறது. முன்பே சொன்ன இரண்டு வருடக் கூடுதல் காலமும் இருக்கிறது.

ஆகவே பெண் பேசும்போதே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "பொண்ணு ஆராய்ச்சி பண்றா, இன்னும் இத்தனை வருஷம் இருக்கு, முடிக்க விடுவீங்களா?" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் நேராகக் கேட்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. மஹர், தேதி, மண்டபம் எல்லாம் பேசும் சபையில் இதையும் பெரியவர்கள் முன்னிலையில் பேசி வைத்தால், பின்னால் அந்தப் பெண் தனியாக வாதாட வேண்டி வராது. சம்மதம் சொன்ன வீடு அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். பெண்ணும் வீட்டுப் பொறுப்பு கூடும்போது எழுத்து வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது.

அதே நேரத்தில், "வரன் அமையும்வரை சும்மா இருப்பதற்குப் பதில் ஒரு பி.எச்.டி. போட்டு வைப்போம்" என்ற யோசனையையும் நாம் ஆதரிக்கவில்லை. நேரம் போக்கச் சேர்ந்த ஆராய்ச்சி பெரும்பாலும் முடிவதில்லை. முடியாத படிப்பு அந்தப் பிள்ளையின் மனத்தில் தோல்வியாகத் தங்கிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை

ஆய்வேட்டை எழுதித் தருகிறோம், கட்டுரையைப் பதிப்பித்துத் தருகிறோம் என்று பணம் வாங்கும் கடைகள் பல ஊர்களில் இருக்கின்றன. ஏ.ஐ. கருவிகளைக் கொண்டு எழுதி முடித்துவிடலாம் என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. 2018ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். கட்டுரை வெளியிட்டால்தான் ஆய்வேடு சமர்ப்பிக்கலாம் என்று 2022 விதிமுறை கட்டாயப்படுத்தவும் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக நிபந்தனை வைத்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காசு கொடுத்துக் கட்டுரை போடும் இதழ்களிடம் ஏமாற வேண்டாம்.

விதியில் மாட்டாவிட்டாலும் கணக்கு ஒன்று இருக்கிறது. பிறர் எழுதியதைத் தன் பெயரில் போட்டு வாங்கிய பட்டம், எடையில் குறைத்து விற்ற சரக்குக்குச் சமம். அந்தப் பட்டத்தோடு வகுப்பில் நின்று பிள்ளைகளுக்கு அமானிதத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

வீட்டில் கூடிப் பேச ஐந்து கேள்விகள்

இஷாவுக்குப் பிறகு ஒரு நாள் டி.வி.யையும் போனையும் ஒதுக்கிவைத்து, அத்தா, அம்மா, பிள்ளை மூவரும் உட்கார்ந்து இவற்றைப் பேசுங்கள். பதில்களைப் பிள்ளையே ஒரு தாளில் எழுதட்டும்.

ஒன்று: நான் ஆராய விரும்பும் கேள்வி எது? ஆங்கிலம் படிக்காத அத்தாவுக்கும் புரியும்படி தமிழில் நான்கு வரியில் சொல்ல முடிகிறதா?

இரண்டு: நெட் எழுதிவிட்டேனா? இல்லையென்றால் எந்த மாதம் எழுதுகிறேன்? எத்தனை முறை எழுதிப் பார்ப்பேன்?

மூன்று: ஐந்து வருடத்துக்கு மாதச் செலவு எவ்வளவு? உதவித்தொகை கிடைக்காவிட்டால் அது யார் பொறுப்பு? தம்பி தங்கை படிப்பு இதனால் நிற்குமா?

நான்கு: இந்தக் காலத்தில் நிக்காஹ் வந்தால் என்ன செய்வது? வீட்டில் யாருக்காவது உடல்நலம் குன்றினால் என்ன செய்வது?

ஐந்து: பட்டம் கிடைத்து, விரும்பிய வேலை மட்டும் கிடைக்காவிட்டாலும், இந்த ஐந்து வருடம் வீணாகவில்லை என்று என்னால் சொல்ல முடியுமா?

ஐந்தாவது கேள்விக்குப் பிள்ளை தயங்காமல் "ஆமாம்" என்றால், மற்ற நான்குக்கும் ஓரளவு பதில் இருந்தால், பெற்றோர் தடுக்க வேண்டாம் என்பதே நமது வேண்டுகோள். நம் மாவட்டத்தில் நாம் எண்ணிக்கையில் சிறியவர்கள். கல்லூரி மேடையில் நின்று பாடம் நடத்தும், நூல் எழுதும், நம் வரலாற்றை உலகம் படிக்கும் மொழியில் சொல்லும் ஒரு பிள்ளை ஜமாஅத்துக்கே சொத்து. ஐந்தாவது கேள்விக்குத் தயக்கம் வந்தால் அதில் குறை ஒன்றும் இல்லை. பி.எட். முடித்து நல்ல ஆசிரியராக இருப்பதும், மொழிபெயர்ப்பு வேலையில் இறங்குவதும் கண்ணியமான வாழ்க்கையே. பி.எச்.டி.க்குப் பிறகும் சேரலாம். அந்தக் கதவு வயதுக்காக மூடுவதில்லை.

நெட் விண்ணப்பம் நிரப்பவும், சான்றிதழ்களுக்கு மனு எழுதவும், வழிகாட்டிகளை விசாரிக்கவும் உதவி வேண்டுவோர் அந்தத் தாளோடு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். நமது கல்வி நிதி சிறியது; ஐந்து வருடச் செலவை ஏற்க அதனால் முடியாது. நெட் புத்தகங்களுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் இன்ஷா அல்லாஹ் உதவ முடியும். வீட்டில் மஷூரா முடிந்து, மனம் இரு பக்கமும் இழுத்தால் இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள். எடுத்த முடிவில் உறுதியாக நில்லுங்கள்.